ஹீட்டர் பிளக் லைட்: பல்பை மாற்றுவதற்கு முன்

குளிரில் ஸ்டாட் ஆவதற்காக டீசல் எஞ்சினை உள்ளே சூடாக்குகிற மின் பிளக்தான் ஹீட்டர் பிளக் (குளோ பிளக்). அதற்கு டாஷ்போட்டில் ஒரு லைட் உண்டு. பழைய டீசல் வாகனத்தில் அந்த ஹீட்டர் பிளக் லைட் எரியவில்லை என்று வருகிறவர்கள் முதலில் சொல்வது, "பல்ப் போயிருச்சு போல, மாத்திப் பாருங்க" என்பதுதான். இலங்கை மலைநாட்டில், நுவரெலியாப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் மார்கழி, தை மாதங்களில் இதை அடிக்கடி கேட்கிறேன். பல்ப்தான் போயிருந்தால் சின்ன வேலை, உடனே முடிந்துவிடும். ஆனால் அந்த லைட்டின் இரண்டு வயரும் எங்கே போய் முடிகின்றன என்று பார்க்காமல் பல்பை மட்டும் மாற்றினால் வாகனம் திரும்பவும் கராஜ் வாசலுக்கு வரும். எங்கள் மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் அப்படித்தான் வேறு இடங்களைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. அதில் கண்டதையும், அதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்குத் தேவையானதையும் எழுதுகிறேன்.

வாகனம் 1988 முதல் 1997 வரை வந்த உருவம். சிங்கிள் கேப், 2எல் என்று பெயர் கொண்ட டீசல் எஞ்சின், 2446 சிசி. மாமா கந்தப்பளையில் இருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வருகிறவர். வாகனத்தையும் தம்புள்ளைப் பக்கத்து ஆள் ஒருவரிடம்தான் வாங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கும் வரை பழைய ஹைலக்ஸுக்கு யானை விலை. கிடைத்ததை எடுத்துத் திருத்தி ஓட்டுவதைத் தவிர சின்ன வியாபாரிக்கு வேறு வழி இருக்கவில்லை.

கீழ்நாட்டில் ஓடிய வாகனம் என்பது இந்தக் கதையில் முக்கியம். தம்புள்ளை வெக்கையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம்) நன்றாக இருக்கிற டீசல் எஞ்சின் ஹீட்டர் பிளக் இல்லாமலே கொஞ்சம் இழுத்து ஸ்டாட் ஆகிவிடும். நாலு பிளக்கில் மூன்று செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. அதே வாகனம் 6,000 அடிக்கு மேலே ஏறி, புல்லில் உறைபனி படிகிற விடியலில் நிற்கும்போதுதான் கணக்கு வெளியே வரும். 2எல் எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் மேலே அடிப்பதில்லை. எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன அறையில் அடிக்கிறது. அங்கே காற்று சுழன்று டீசலோடு கலந்து எரிந்த பிறகுதான் சிலிண்டருக்குள் வரும். சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் அமுக்கத்தால் வந்த சூட்டைச் சுவரே உறிஞ்சிவிடும். அந்த அறையைச் சூடாக்கத்தான் பிளக் இருக்கிறது. பெரிய லொறிகளில் பல, நேரே சிலிண்டருக்குள் டீசல் அடிக்கிறவை. அவற்றில் பிளக் இல்லாமலே சமாளிக்கலாம். இந்த வகை எஞ்சினில் குளிர் காலத்தில் முடியாது.

மாமா வாகனத்தை இறக்கத்தில் நிறுத்தி வைத்து, தள்ளி ஸ்டாட் பண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "சாவி போட்டா லைட் எரியும் மருமகனே. டாஷ்போட்ல ஒரு பட்டன் இருக்கு, அத அழுத்தினா லைட் அணையும். அணைஞ்சா பிளக் சூடாயிருச்சுன்னு அர்த்தம், உடனே ஸ்டாட் அடிப்பேன். இப்ப லைட்டே வரல. பல்ப் மாத்தியாச்சு, அப்பவும் வரல."

"ஓடும்போது லைட் எப்படி மாமா இருக்கும்?"

"ஓடும்போதும் எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். வாங்கினதுல இருந்தே அப்படித்தான்."

இந்த இரண்டு பதிலிலேயே பாதி விஷயம் கிடைத்துவிட்டது. சாவி போட்டதும் எரிந்து, பட்டன் அழுத்தினால் அணைந்து, ஓடும்போதும் எரிகிற லைட், கம்பனி கொடுத்த வேலையைச் செய்யவில்லை. யாரோ அதை வேறு இடத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். வாகனத்தைத் தொடுவதற்கு முன் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். லைட் எப்போது எரியும், எப்போது அணையும், எஞ்சின் சூடாக இருக்கும்போது எவ்வளவு நேரம், ஓடும்போது என்ன என்று கேட்டாலே மல்டிமீட்டர் எடுக்காமல் பாதித் தூரம் போய்விடலாம்.

ஒரு சின்ன பல்ப் எரிய அதன் ஒரு காலில் 12 வோல்ட்டும் மறு காலில் எர்த்தும் (பெட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வாகன உடம்பு) வேண்டும். இரண்டு காலிலும் 12 இருந்தால் எரியாது. இரண்டு காலும் எர்த்தில் இருந்தாலும் எரியாது. இந்த ஹைலக்ஸில் மீட்டர் போர்டுக்குள் இருக்கிற எச்சரிக்கை பல்புகளுக்குச் சாவி போட்டவுடன் ஒரே பியூஸ் வழியாக 12 வோல்ட் வந்துவிடும். ஒயில் லைட், சார்ஜ் லைட், ஹீட்டர் லைட் எல்லாவற்றுக்கும் பொதுவான பக்கம் அது. மறுபக்கத்தை அந்தந்த வேலைக்காரன் எர்த் பண்ணுகிறான். ஒயில் லைட்டுக்கு ஒயில் சுவிட்ச். ஹீட்டர் லைட்டுக்கு டாஷ்போட்டுக்குள் இருக்கிற டைமர். டைமர் எர்த் கொடுக்கும்வரை லைட் எரியும், எடுத்தால் அணையும். பிளக்குக்குக் கரண்ட் போகிறதா, பிளக் உயிரோடு இருக்கிறதா என்பதோடு அந்த லைட்டுக்கு நேரான தொடர்பு எதுவும் இல்லை. நாலு பிளக்கையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாவி போட்டாலும் சாதாரண டைமர் லைட்டை அழகாக எரித்து அணைத்துக் காட்டும். "லைட் சரியாத்தான் வருது, ஆனா ஸ்டாட் ஆகுதில்ல" என்று வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

பழைய லேண்ட் குரூசர் பிஜே40 ஓட்டியவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும். அதில் டாஷ்போட்டில் ஒரு சின்னத் துளைக்குப் பின்னால் கம்பிச் சுருள் இருக்கும். பிளக்குக்குப் போகிற கரண்ட் முழுவதும் அந்தச் சுருள் வழியாகத்தான் போகும். சுருள் சிவந்தால் பிளக்கிலும் கரண்ட் ஓடுகிறது என்று நம்பலாம். ஒரு பிளக் செத்தால் கரண்ட் குறையும், சுருள் சிவக்க நேரம் எடுக்கும். ஒன்று ஷோட் ஆனால் வழக்கத்தை விடச் சீக்கிரம் பளீரென்று சிவக்கும். தன் வண்டியின் சுருள் எப்படிச் சிவக்கும் என்று பழகிய டிரைவர் பிளக் நிலைமையைச் சுருளைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு அந்த அமைப்பின் மேல் இன்றும் மரியாதை உண்டு.

மாமாவின் வாகனத்துக்கு வருவோம். சாவி போட்டதும் ஒயில் லைட், சார்ஜ் லைட் இரண்டும் எரிந்தன. அப்படியென்றால் பியூஸ் சரி, பொதுப் பக்கத்துக்கு 12 வோல்ட் வருகிறது. மீட்டர் போர்டைக் கழற்றி, சொக்கட் மாட்டியபடியே பின்னால் திருப்பி வைத்து, ஹீட்டர் பல்பின் இரண்டு காலையும் எர்த்துக்கு எதிராக அளந்தேன். ஒரு காலில் 12.4. மறு காலிலும் 12.4.

பல்ப் போயிருந்தால் மறு காலுக்கு வோல்ட் வந்திருக்காது. பல்பின் இழை வழியாக வோல்ட் கடந்து மறுபக்கம் வந்து நிற்கிறது என்றால், இழை நன்றாக இருக்கிறது, மறுபக்கத்துக்கு எர்த் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பல்பைக் கழற்றாமலே இதைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு காலில் 12, மறு காலில் ஒன்றுமே இல்லாமல் இருந்து பல்பும் எரியாமல் இருந்தால் பல்ப் போயிருக்கிறது, அல்லது பல்ப் மாட்டுகிற பிளாஸ்டிக் பிடி பின்னால் இருக்கிற பிரிண்ட் ஷீட்டைத் தொடவில்லை. பழைய வாகனங்களில் அந்த ஷீட்டின் செம்புப் பூச்சு பச்சை பிடித்துப்போகும். பேனா அழிக்கிற ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் பூச்சோடு கிளம்பிவிடும்.

எர்த் பக்கத்து வயரைத் தேடிப் போனேன். அது டைமருக்குப் போக வேண்டிய வயர். டாஷ்போட்டுக்குக் கீழே டைமர் இருக்க வேண்டிய இடத்தில் சொக்கட் மட்டும் தொங்கியது. லைட் வயரைச் சொக்கட்டுக்கு முன்னாலேயே வெட்டி, ஒரு சிவப்பு வயரோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சிவப்பு வயர் ரப்பர் வளையம் வழியாக எஞ்சின் பக்கம் போய், ஹீட்டர் பிளக்குகளை ஒன்றாகச் சேர்க்கிற பித்தளைப் பட்டையில் ஒரு நட்டுக்குக் கீழே முடிந்தது. பட்டனில் இருந்து போகிற வயர் ஒரு ரிலேயை (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) இயக்க, ரிலே பெட்டரியில் இருந்து அதே பட்டைக்குக் கரண்ட் கொடுக்கிறது.

டைமர் பழுதானதும் யாரோ பட்டன் போட்டிருக்கிறார்கள். லைட்டும் வேலை செய்ய வேண்டும் என்று அதன் வயரைக் கொண்டுபோய்ப் பட்டையில் கட்டியிருக்கிறார்கள். இப்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டன் அழுத்தாதபோது பட்டைக்கு 12 வோல்ட் இல்லை. ஆனால் பட்டை பிளக்கின் உள் கம்பி வழியாக எஞ்சின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. பிளக்கின் தடை ஒரு ஓம் அளவோ அதற்கும் குறைவோதான். இந்தச் சின்ன பல்புக்கு அது நேரடி எர்த் மாதிரி. ஆகவே சாவி போட்டதும் லைட் எரியும், ஓடும்போதும் எரியும். பட்டனை அழுத்தினால் பட்டையில் 12 வோல்ட் வரும், பல்பின் இரண்டு பக்கமும் 12, லைட் அணையும். பட்டனை விட்டால் மறுபடி எரியும். மாமா "சூடாயிருச்சு" என்று நினைத்த அந்த நொடி, பட்டைக்குக் கரண்ட் வந்து சேர்ந்த நொடி மட்டும்தான். பிளக் சூடாக அதற்குப் பிறகு நேரம் வேண்டும். அவரோ லைட் அணைந்ததும் கையை எடுத்துவிட்டு ஸ்டாட் அடித்திருக்கிறார்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பிளக் உயிரோடு இருந்தாலும் பல்புக்கு எர்த் கிடைக்கும், லைட் முழு வெளிச்சத்தில் எரியும். முதல் பிளக் செத்தபோது லைட் மாறவில்லை. இரண்டாவது, மூன்றாவது போனபோதும் மாறவில்லை. நாலாவது போனதும் பட்டைக்கும் எஞ்சினுக்கும் இருந்த கடைசித் தொடர்பு அறுந்து லைட் நின்றது. பல்ப் மாற்றி எரியாததற்குக் காரணம் அதுதான். எரியாத லைட் நாலு பிளக்கும் செத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கிறவர்கள் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிளக்கைச் சோதிக்க விலையான கருவி எதுவும் தேவையில்லை. பித்தளைப் பட்டையை முழுவதும் கழற்றிவிட வேண்டும். பட்டை இருந்தால் ஒரு நல்ல பிளக் மற்ற எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டிவிடும். பிறகு டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பெட்டரி பொசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட வேண்டும். பளிச்சென்று எரிந்தால் பிளக்கின் கம்பி அறுந்திருக்கவில்லை. எரியாவிட்டால் செத்தது. மாமாவின் வாகனத்தில் நாலிலும் எரியவில்லை. மல்டிமீட்டரில் ஓம் பார்க்கிறவர்கள் முதலில் மீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஓம் அளவில் வேலை செய்யும்போது மீட்டர் கம்பியின் தடையே குழப்பிவிடும்.

டெஸ்ட் லாம்பில் எரிகிற பிளக் எல்லாம் நன்றாகச் சூடாகும் என்று சொல்ல முடியாது. டிசி கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கிற கருவி) இருந்தால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்து எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு இழுக்க வேண்டும். 12 வோல்ட் வகையில் சூடானபின் ஒன்று 10 அம்பியர் அளவில் நிற்கும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றும் வேலையில் அவசரம் ஆகாது. மரையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற விட்டேன். எஞ்சினைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தேன். மூன்று வந்தன. நாலாவது மரை முழுவதும் கழன்ற பிறகும் மேலே வர மறுத்தது. முனை வீங்கியிருந்தால் அப்படித்தான். அந்த நேரத்தில் நெம்பி இழுத்தால் முனை முறிந்து அந்தச் சின்ன அறைக்குள் விழும், பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். மறுபடி எண்ணெய் விட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் இடதும் வலதுமாகத் திருப்பித் திருப்பி எடுத்தேன்.

முனை ஏன் வீங்கியது என்பதற்குப் பதில் பிளக்கின் உடம்பிலேயே இருந்தது. 6 வோல்ட் என்று பொறித்திருந்தது. டொயோட்டா இதே குடும்ப எஞ்சின்களில் ஹீட்டர் அமைப்பை ஒரே மாதிரி வைக்கவில்லை. சிலவற்றில் 11 அல்லது 12 வோல்ட் அளவுக்கான பிளக், ஒரு ரிலே, நிலையான நேரத்துக்கு ஒரு டைமர். சிலவற்றில் சீக்கிரம் சூடாகிற 6 வோல்ட் பிளக், இரண்டு ரிலே, ஒரு தடைக் கம்பி, எஞ்சின் சூட்டைப் பார்த்து நேரத்தை மாற்றுகிற டைமர். இரண்டாவது வகையில் முதல் ரிலே சில நொடிகள் மட்டும் முழு வோல்ட்டையும் கொடுத்துப் பிளக்கைச் சட்டென்று சிவக்கவைக்கும். பிறகு அது விட்டுவிட, இரண்டாவது ரிலே தடைக் கம்பி வழியாகக் குறைந்த வோல்ட்டில் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும். டைமரையும் தடைக் கம்பியையும் ஒதுக்கிவிட்டு அந்த 6 வோல்ட் பிளக்குக்குப் பட்டன் வழியாக நேரே 12 வோல்ட் கொடுத்தால், அழுத்துகிறவர் கொஞ்சம் கூடுதல் நேரம் கையை வைத்தாலே கம்பி எரிந்துபோகும்.

பார்வைக்கு இரண்டு வகையும் ஒன்றுபோலவே இருக்கலாம், மரையும் பொருந்தலாம். கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் சாமான் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பொறித்திருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பழையதே தவறான பிளக்காக இருக்கலாம். வாகனத்தில் இப்போது எந்த அமைப்பு இருக்கிறது, டைமர் இருக்கிறதா, ரிலே ஒன்றா இரண்டா, தடைக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற வோல்ட்டைக் கேளுங்கள். நாலையும் ஒரே வகையில், ஒரே தடவையில் மாற்றுங்கள். கலந்து போட்டால் ஒன்று கருகும், ஒன்று சூடாகாது.

மாமாவிடம் இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னேன். கம்பனி அமைப்பை முழுதாகத் திரும்பக் கொண்டுவரலாம்: டைமர், இரண்டு ரிலே, தடைக் கம்பி, வெப்ப சென்சர், 6 வோல்ட் பிளக். அல்லது 12 வோல்ட் பிளக் போட்டு, நல்ல ரிலே ஒன்று வைத்து, பட்டனையே சரியாகக் கட்டலாம். கம்பனி அமைப்பு கெடாமல் இருக்கிற வாகனத்தில் அதைக் கலைக்கவே கூடாது என்பது என் கருத்து. அதைவிட நன்றாக யாரும் கையால் செய்யப்போவதில்லை. ஆனால் இங்கே பாதிச் சாமான் இல்லை, இருந்த வயர்களும் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தன. தேடிப் பிடிக்கிற பழைய டைமர் எவ்வளவு காலம் வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. எளிய வழியையே எடுத்தோம்.

எளிய வழிக்கும் ஒழுங்கு உண்டு. 12 வோல்ட் பிளக் நாலும் சேர்ந்து 40 அம்பியர் அளவு இழுக்கும், குளிர்ந்த பிளக் முதல் நொடிகளில் அதைவிடக் கூட. அந்தக் கரண்ட் டாஷ்போட்டுக்குள் வரவே கூடாது. பட்டனுக்கு ரிலேயின் சுருளை இயக்குகிற சின்னக் கரண்ட் மட்டும் வர வேண்டும். பட்டன் வழியாகவே பிளக்குக்கு வயர் இழுத்த வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். பட்டன் உருகி, வயரின் தோல் கருகி, இன்னும் கொஞ்சம் போனால் டாஷ்போட் பற்றியிருக்கும். பெட்டரியில் இருந்து 10 சதுர மில்லிமீட்டர் வயர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே 80 அம்பியர் பட்டி பியூஸ், ஹீட்டர் பிளக்குக்கென்றே வருகிற கனமான ரிலே, அங்கிருந்து பட்டைக்கு அதே தடிப்பில் வயர். ஹோனுக்குப் போடுகிற சின்ன ரிலே இதற்குத் தாங்காது. பட்டன் கையை எடுத்தால் தானாக விடுகிற வகையாக இருக்க வேண்டும், சாவி போட்டால் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

பழைய ரிலேயைத் தூக்கிப் போட்டதற்கும் காரணம் உண்டு. சும்மா அளந்தால் அதன் வெளிவாயில் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. புதுப் பிளக் போட்டு, பட்டனை அழுத்தி, கரண்ட் ஓடும்போது அளந்தால் பெட்டரியில் 11.8, பட்டையில் 8க்குக் கொஞ்சம் மேல். உள்ளே தொடுமுனை கருகியிருந்தது. சுமை இல்லாமல் அளக்கிற வோல்ட்டை இந்த வேலையில் நம்பவே கூடாது. பெட்டரிக்கும் பட்டைக்கும் நடுவே சுமையோடு அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ பியூஸிலோ ரிலேயிலோ எங்கேயோ வோல்ட் வீணாகிறது. மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரி பொசிட்டிவில் வைத்துவிட்டு மறு கம்பியை ஒவ்வொரு இணைப்பாகத் தள்ளிக்கொண்டு போனால் எங்கே என்று தெரிந்துவிடும். எர்த் பக்கமும் இதே மாதிரிதான். பெட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் நடுவே ஸ்டாட்டர் சுற்றும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள்.

அடுத்தது லைட். மீட்டர் போர்டில் இருக்கிற அந்தச் சுருள் படம் போட்ட லைட்டைத்தான் மாமா விரும்பினார், புதிதாக ஒன்று ஒட்ட வேண்டாம் என்றார். ஆனால் அந்த பல்பின் ஒரு கால் எல்லாவற்றுக்கும் பொதுவான 12 வோல்ட்டில் நிற்கிறது, அதை மாற்ற முடியாது. பட்டையில் வோல்ட் வரும்போது மறு காலுக்கு எர்த் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ரிலே போதும். அதன் சுருளின் ஒரு முனையைப் பட்டைக்கும் மறு முனையை எர்த்துக்கும் கட்டினேன். பட்டையில் இருந்து எடுக்கிற அந்த மெல்லிய வயருக்குத் தொடக்கத்திலேயே சின்ன பியூஸ் ஒன்று போட்டேன். ரிலேயின் தொடுமுனையில் ஒன்று எர்த்துக்கு, மற்றது பல்ப் வயருக்கு. இப்போது பட்டனை அழுத்தினால் பட்டையில் வோல்ட், சின்ன ரிலே இழுக்கும், லைட் எரியும். விட்டால் அணையும். பெரிய ரிலே ஒட்டிக்கொண்டு விடாமல் நின்றால் பட்டனை விட்ட பிறகும் லைட் எரிந்து காட்டிக்கொடுக்கும். பிளக்கையும் பெட்டரியையும் காப்பாற்றுகிற அந்த எச்சரிக்கைக்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

இந்த லைட்டும் பிளக்கின் உயிரைச் சொல்லாது, பட்டையில் வோல்ட் இருப்பதை மட்டும் சொல்லும். பிளக்கைத் தெரிந்துகொள்ள மாமாவுக்கு வேறொன்று காட்டிக் கொடுத்தேன். கேபினுக்குள் இருக்கிற கூரை லைட்டைப் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினால் அதன் வெளிச்சம் கொஞ்சம் மங்க வேண்டும். மங்காவிட்டால் 40 அம்பியர் எங்கேயும் போகவில்லை. ஒரு பிளக் மட்டும் போனதை இதில் பிடிக்க முடியாது, ஆனால் எல்லாம் போனது உடனே தெரியும். ஒரு பிளக் போனதை எஞ்சினே சொல்லும்: குளிரில் ஸ்டாட் ஆனதும் ஒரு சிலிண்டர் பின்தங்கி நடுங்கி, வெள்ளைப் புகை விட்டு, கொஞ்ச நேரத்தில் சமமாகிவிடும். வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, எரியவில்லை. புகையே இல்லாமல் சும்மா சுற்றினால் டீசலே வரவில்லை, பிளக்கை விட்டுவிட்டு எரிபொருள் பக்கம் போங்கள்.

கம்பனி டைமர் இன்னும் இருக்கிற வாகனத்தில் லைட் எரியாவிட்டால் வழி சுலபம். டைமர் சொக்கட்டைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு லைட் வயரைத் தேடி எடுங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், நம் நாட்டில் ஓடுகிற பழைய வாகனங்களில் எத்தனையோ கை பட்டிருக்கும். அந்த வயரை நேரடியாக எர்த்தில் தொடாமல், ஒரு முனை எர்த்தில் இருக்கிற டெஸ்ட் லாம்பால் தொடுங்கள். சரியான வயர் என்றால் மீட்டர் போர்டில் இருக்கிற லைட், டெஸ்ட் லாம்ப் இரண்டில் ஒன்றாவது மங்கலாக எரியும். தவறிப் போய் நேரடி 12 வோல்ட் வயரைத் தொட்டிருந்தால் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், பியூஸ் போகாது. மீட்டர் போர்டு லைட் எரிந்தால் பல்பும் வயரும் சரி. பிறகு டைமருக்கு வருகிற சாவிக் கரண்டையும் டைமரின் எர்த்தையும் பாருங்கள். டைமர் செத்தது என்று முடிவு கட்டுவது அதற்குப் பிறகுதான். எத்தனையோ நல்ல டைமர்கள் எர்த் வயர் துருப்பிடித்ததற்காகக் குப்பைக்குப் போயிருக்கின்றன.

லைட் அளவுக்கு மேல் நேரம் எரிந்தால் வெப்ப சென்சரைப் பாருங்கள். அதன் வயர் கழன்றிருந்தால் டைமர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு, சூடான எஞ்சினுக்கும் நீண்ட நேரம் கொடுக்கும். லைட் அணைந்த பிறகும் எஞ்சின் ஓடும்போது எங்கேயோ ரிலே டிக் என்று விடுகிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஸ்டாட் ஆன பின்னும் கொஞ்ச நேரம் சூடு கொடுப்பது சில டைமர்களின் வழக்கம்.

ஸ்டாட்டிங் ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீட்டர் பிளக் வேலை செய்கிற எஞ்சினில் அதை அடிக்கவே கூடாது. சிவந்த முனையில் அந்த ஆவி பட்டால் எந்த நேரத்தில் வெடிக்கும் என்பது நம் கையில் இல்லை. பிஸ்டன் ரிங் உடைந்த எஞ்சின்களைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகளைக் கேளுங்கள்.

மாமாவின் வாகனம் இப்போது தள்ளாமல் ஸ்டாட் ஆகிறது. விடியலில் 15 நொடி அளவு பட்டனை அழுத்தி, கையை எடுத்து, உடனே சாவியைத் திருப்ப வேண்டும். மத்தியானம், எஞ்சின் சூடாக இருக்கும்போது அழுத்தத் தேவையில்லை. பியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பிளக் 12 வோல்ட், 6 போடக் கூடாது. லைட் வயர் போவது சின்ன ரிலேக்கு. பெரிய பியூஸ் பெட்டரிப் பக்கத்தில், 80. அடுத்து இந்த வாகனத்தைத் திறக்கிற வயரிங் பாஸ் சிங்களவராகவும் இருக்கலாம் என்பதால் அதையே சிங்களத்திலும் எழுதச் சொல்லிப் பக்கத்துக் கடைத் தம்பியிடம் கொடுத்து வாங்கினேன்.